அடைக்கலமும் மனவடுவும்: மன்னார்க் கரையின் பிள்ளைகள்

1984 டிசம்பரிலிருந்து 2009 மே வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலப்பரப்பிலும் பிறந்த பிள்ளைகள் அரசியல் வன்முறைக்குள்ளேயே வளர்ந்தார்கள். அதனால் மனத்தில் ஏற்பட்ட காயத்தை ஈழத்து உளமருத்துவ வழக்கு 'மனவடு' என்கிறது. புண் ஆறிய பிறகும் தோலில் நிற்கும் தழும்புக்குரிய சொல் மனத்துக்கு வந்திருக்கிறது. இன்னொரு சொல் 'நெருக்கீடு'. வெளியிலிருந்து மனத்தை நெருக்கும் எதையும் அது குறிக்கும். மருத்துவர்களும் ஆசிரியர்களும் எழுதிப் பேசிப் பரப்பிய இவ்விரு சொற்களும் இன்று கிராம அலுவலர் முதல் பங்குத்தந்தை வரை எல்லார் வாயிலும் புழங்குகின்றன. அந்தச் சொற்கள் இங்கே வருவதற்கு முன்பே காயம் வந்துவிட்டது.

மன்னாரின் நிலவமைப்பு இவ்வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது. தீவைப் பெருநிலத்தோடு இணைப்பது ஒரு தாம்போதியும் பாலமும்தான். மேற்கே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை மணல் திட்டுகள் தொடர்கின்றன. கடல் அமைதியாக இருந்தால் ஓரிரவில் படகில் கடந்துவிடலாம். கிழக்கே மடுக் காடும் அதற்கப்பால் வன்னியும். தெற்கே முசலி தாண்டினால் வில்பத்துக் காடு, பிறகு புத்தளம். வன்முறை வந்தபோதெல்லாம் ஒரு குடும்பத்துக்கு இருந்த வழிகள் இவைதாம். எந்த வழியில் ஓடினார்கள், ஓடிச் சேர்ந்த இடம் எப்படி இருந்தது என்பவை பிள்ளைகளின் மனத்தில், பார்த்த கொலையைவிட ஆழமாகச் சில வேளைகளில் பதிந்தன. மன்னாரின் வரலாற்றில் மனவடுவை அடைக்கலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

அடைக்கலம் தேடும் பழக்கம் இக்கரைக்குப் புதிதல்ல. 1544இல் கத்தோலிக்கத்தைத் தழுவிய மன்னார் மக்கள் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான் என்பது மரபு. தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகள் இன்றும் நினைவுகூரப்படுகிறார்கள். 1658இல் ஒல்லாந்தர் தீவைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தபின், மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைச் சில குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. மருதமடுத் திருத்தலம் அப்படித்தான் தோன்றியது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதை இது: ஊர் பொறுக்காவிட்டால் மடுவுக்குப் போகலாம், மாதா பார்த்துக்கொள்வா. பிற்காலத்தில் அந்த நம்பிக்கை உளநலத்துக்கு ஒரு சொத்தாக இருந்தது. பிறகு அதுவே அடிபட்டது.

1984 டிசம்பர் 4 அன்று மன்னார் வீதியில் இராணுவ வாகனமொன்று கண்ணிவெடியில் சிக்கியது. அதற்குப் பழிவாங்கலாகப் படையினர் பேருந்தில் வந்தவர்களையும் வயலில் நின்றவர்களையும் வழியில் கண்டவர்களையும் சுட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஒரு மாதம் கழித்து, 1985 ஜனவரி 6 இரவு, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் ஆலய வளவிலேயே கொல்லப்பட்டார். மாவட்டத்தின் பிள்ளைகள் அதுவரை 'ஆமி' என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருந்தார்கள். அந்த இரண்டு மாதங்களுக்குப் பிறகு வாகனச் சத்தம் கேட்டாலே பாயை விட்டு எழுந்தார்கள். சுற்றிவளைப்பு, முகத்தை மூடி ஆட்காட்டும் தலையாட்டியின் முன் அப்பாவும் அண்ணனும் வரிசையில் நிற்பது, வீடு திரும்பாத ஆண்கள் ஆகியவை அடுத்த சில ஆண்டுகளில் வழமையாயின.

ஒரே நிகழ்ச்சி எல்லா வயதுப் பிள்ளையையும் ஒரேமாதிரி தாக்குவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் தாயின் முகத்தைத்தான் பார்க்கிறது. தாய் நடுங்கினால் அதுவும் நடுங்கும். நடந்த குழந்தை மறுபடி தவழ்வது, பேசிய குழந்தை பேச்சை நிறுத்துவது, பாயில் சிறுநீர் கழிப்பது, சேலைத் தலைப்பை விடாமல் பற்றித் திரிவது இவ்வயதின் அறிகுறிகள். பள்ளிப் பிள்ளை நடந்ததைத் திரும்பத் திரும்ப விளையாடும். வடக்கின் முற்றங்களில் பனைமட்டைத் துவக்கோடு நடந்த 'ஆமி–இயக்கம்' என்ற படையினர்–போராளிகள் விளையாட்டை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சாதாரணச் சண்டை விளையாட்டில் முடிவு மாறும், சிரிப்பு வரும். மனவடுப்பட்ட பிள்ளையின் விளையாட்டில் அதே காட்சி அதே முடிவோடு சிரிப்பில்லாமல் ஓடும். பாடத்தில் கவனம் நிற்காது; தலையிடி, வயிற்றுக்குத்து என்று அடிக்கடி சொல்லும். பதின்வயதினர் ஒதுங்கிப் போவார்கள், அல்லது சட்டென்று கோபப்படுவார்கள். பழிவாங்கும் எண்ணம் வேர்விடுவதும் அப்பருவத்தில்தான். இவற்றுள் பெரும்பாலானவை ஆபத்து நீங்கிச் சில வாரங்களில் தாமாகவே தணியும். ஆபத்து நீங்காத இடத்தில்தான் அவை நோயாகின்றன.

1990 ஜூனில் அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மீண்டும் மூண்டபோது மன்னாரின் மூன்று வழிகளும் ஒரே ஆண்டில் திறந்தன. பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து படகுகள் இரவிரவாக இந்தியாவுக்குப் போயின. கரைக் காவலுக்குப் பயந்து படகோட்டிகள் பலரை மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத அத்திட்டுகளில், இந்திய மீனவரோ கடற்படையோ வந்து ஏற்றும்வரை குழந்தைகள் காத்துக் கிடந்தார்கள். சேர்ந்த இடம் மண்டபம் முகாம்: பிரித்தானியர் காலத்தில் தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புமுன் நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த அதே இடம். அங்கே பள்ளிக்கூடம் கிடைத்தது, பேசும் மொழியும் கிடைத்தது. ஆனால் வருகைப் பதிவும் வெளியே போக அனுமதியும் சேர்ந்தே கிடைத்தன.

இரண்டாவது வழி முஸ்லிம்களுக்கு விதிக்கப்பட்டது. 1990 அக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மிகப் பெரிய பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலான தீவு ஊர்களின் மக்கள் கையில் சிறு மூட்டையோடு கடற்கரைக்கு வந்து, மழைக்காலத்துக் கடலில் திறந்த படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். முசலிப் பக்கத்தவர்கள் தரைவழியே புத்தளம் சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் புரியாத ஒன்று இதில் இருந்தது. ஷெல்லும் குண்டும் யாருடையவை என்று தெரியும். இங்கே 'போ' என்று சொன்னவர்கள் தமிழ் பேசினார்கள், சிலரை ஊரிலே பார்த்தும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கூட்டாளி வழியனுப்பி அழுததும் அதே நாளில் நடந்தது. எருக்கலம்பிட்டியில் பிறந்த புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இவ்வெளியேற்றத்தைப் பதிவுசெய்வதில் செலவிட்டார்.

புத்தளத்தில் கிடைத்தது கிடுகுக் கொட்டில், பங்கீட்டு உணவு, 'அகதி' என்ற பெயர். அந்தப் பெயர் இருபதாண்டுகள் நீங்கவில்லை. பிறந்த குழந்தையும் அகதியாகப் பதியப்பட்டது. பள்ளியில் உள்ளூர்ப் பிள்ளை கோபத்தில் ஏசும்போது அச்சொல் வசவாக மாறியது. "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் புத்தளத்தில் பிறந்த பிள்ளையும் "எருக்கலம்பிட்டி" என்றே சொல்லப் பழகியிருந்தது, அந்த மண்ணை ஒருநாளும் மிதித்திராவிட்டாலும். மானிடவியலாளர் ஷரிகா திராணகம இம்மக்களிடையே நடத்திய ஆய்வு, ஊர் என்பது பெற்றோருக்கு நினைவாகவும் பிள்ளைகளுக்குக் கேள்வியாகவும் பிரிந்துபோனதைக் காட்டுகிறது. புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த வளர்ந்தோர் 450 பேரிடையே பின்னாளில் செய்யப்பட்ட மனநல ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பொதுவான உளநோய் இருந்தது. ஆனால் போர்க்காட்சி திரும்பத் திரும்ப வரும் மனவடு நோய் அவர்களிடம் மிகக் குறைவு. மிகுந்திருந்தவை உடல் நோவாக வெளிப்படும் உளத்துயரமும் மனச்சோர்வுமே. ஒருநாள் கண்ட பயங்கரத்தைவிட முடியாமல் நீண்ட முகாம் வாழ்வு வேறுவகையாக வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது வழி மடு. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் 1990இல் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. திருத்தல வளவில் பல்லாயிரம் பேர் பொலித்தீன் விரிப்புகளின் கீழ் வாழ்ந்தார்கள். இருதரப்பும் ஆயுதத்தோடு உள்ளே வராத இடம் என்ற வழக்கம் ஓரளவு காக்கப்பட்டது. மரநிழலில் வகுப்பு நடந்தது, மணியடித்தால் செபம், வரிசையில் நின்றால் சோறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது துன்பமான வாழ்வு. உளநலப் பார்வையில் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் இலண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ஆன்னா பிராய்டும் டொரதி பர்லிங்காமும் கண்டது இதுதான்: தாயோடு இருந்து குண்டுவீச்சைக் கடந்த குழந்தையைவிட, பாதுகாப்புக்காகத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்ட குழந்தையே அதிகம் கலங்கியது. மடுவில் குடும்பங்கள் பிரியவில்லை. நாளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பெரியவர்களிடம் 'இங்கே ஒன்றும் நடக்காது' என்ற உறுதி இருந்தது.

அந்த உறுதி 1999 நவம்பர் 20இல் உடைந்தது. மடுப் பகுதியைச் சுற்றிப் போர் நடந்த அன்றிரவு திருத்தல வளவில் ஷெல்கள் விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் பலர். ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பின் மேல் பழிபோட்டது. பிள்ளைகளைப் பொறுத்தவரை எறிந்தது யார் என்பதைவிட விழுந்த இடம் எது என்பதே முக்கியம்.

படையினரின் தீவுக்கும் புலிகளின் பெருநிலத்துக்கும் இடையே உயிலங்குளத்தில் சோதனைச் சாவடி இருந்த அக்காலத்தில், இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் இரண்டு வகைப் பயம். தீவில் 'பாஸ்' இல்லாமல் நகர முடியாது. அடையாள அட்டை, முகாம் வாசல், ஆட்களைக் கடத்த இரவில் வரும் வெள்ளை வான் ஆகியவற்றின் பயம். பெருநிலத்தில் வானத்தின் பயம். அங்குள்ள பிள்ளைகள் விமானங்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். பீப்பாய்க் குண்டு உருட்டிவிடும் பழைய மெதுவான விமானம் 'சகடை'. ஆளில்லாமல் மேலே ரீங்கரித்துச் சுற்றுவது 'வண்டு'. இரைச்சல் கேட்குமுன் குண்டு விழுந்துவிடும் ஜெட் 'கிபிர்'. வண்டு வந்தால் பிறகு கிபிர் வரும் என்பது ஏழு வயதுப் பிள்ளையின் பொது அறிவு. பள்ளி வளவில் 'ட' வடிவத்தில் பதுங்குகுழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்போட்டு மூடியிருப்பார்கள். மூலை திரும்புவது எதற்கென்றால், வாசலில் விழுந்த ஷெல்லின் சிதறல் நேரே உள்ளே வராமலிருக்க. ஷெல் புறப்படும் 'குத்துச் சத்தம்' ஒன்று, தலைக்கு மேலே கூவிக்கொண்டு போவது ஒன்று, கூவல் நின்றுபோவது ஒன்று. மூன்றாவதுக்குத்தான் படுக்கவேண்டும். இந்தக் காதுக்கூர்மை உயிரைக் காத்தது. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு திருவிழா வாணவெடிக்கு மேசைக்கடியில் பாய்வதும் அதே காதுதான். மருத்துவம் இதை மிகைவிழிப்பு என்று அறிகுறிப் பட்டியலில் சேர்க்கும். பிழைக்கக் கற்ற பாடம் மறக்காமல் நிற்பதை முழுக்க நோய் என்று சொல்லிவிடுவது பொருந்தாது.

ஊரார் இக்காயங்களுக்கு வைத்திருந்த பெயர் எளிமையானது: "பிள்ளை பயந்திட்டுது." அதற்கு வைத்தியமும் இருந்தது. இந்துக்கள் திருநீறு போட்டு நூல் கட்டினார்கள். கத்தோலிக்கர் மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்கள். முஸ்லிம்கள் ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார்கள். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதுண்டு. ஆனால் பயந்த பிள்ளையை மடியில் வைத்து, பெரியவர் ஒருவர் தலையில் கைவைத்து, 'இனிப் பயமில்லை' என்று எல்லாரும் கேட்கச் சொல்வது பிள்ளைக்குத் தேவையான பாதுகாப்புணர்வையே தருகிறது. வடக்கின் உளமருத்துவம் அப்போது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டிருந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்கால மனவடுவைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். சடங்கு, வழிபாடு, மூச்சுப் பயிற்சி முதலான மரபு வழிகளைச் சிகிச்சையோடு சேர்க்கவேண்டும் என்பதிலும், காயம் தனியாளுடையது மட்டுமல்ல, சமூகத்துடையதும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தன. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' நாடகம் 1990களின் தொடக்கத்திலேயே போரின் உளப்பாதிப்பை மேடைக்குக் கொண்டுவந்தது. பரந்துபட்ட பயனைத் தந்தது ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததுதான்: பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர், வீட்டையும் அறிந்தவர், மருத்துவமனைக்குப் போகும் வெட்கமில்லாமல் அணுகக்கூடியவர் அவரே.

2002 போர்நிறுத்தம் சில ஆண்டுகள் மூச்சுவிட இடம் கொடுத்தது. 2006 ஜூனில் மன்னார் மறுபடி நடுங்கியது. வங்காலையில் இரண்டு சிறு பிள்ளைகள் உட்பட ஒரு குடும்பத்தின் நால்வரும் தம் வீட்டுக்குள் கொல்லப்பட்டார்கள். அதே ஊரின் மற்றப் பிள்ளைகளுக்கு அது செய்தி அல்ல. அந்த இருவரும் அவர்களோடு வகுப்பிலும் ஆலயத்திலும் இருந்தவர்கள். குடும்பங்கள் இரவானால் ஆலயத்தில் வந்து படுத்தன. ஒரு வாரம் கழித்து, ஜூன் 17 அன்று, பேசாலை வெற்றிமாதா ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் கைக்குண்டு வீசப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். வீடும் ஆலயமும் அடுத்தடுத்துப் போனபின் எஞ்சியது கடல். இந்தியாவுக்குப் படகுகள் மீண்டும் புறப்பட்டன.

2007 ஜனவரி 2 அன்று இலுப்பைக்கடவைக்கு அருகே படகுத்துறைக் குடியிருப்பில் விமானக் குண்டுகள் விழுந்து குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் இறந்தார்கள். புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் தளமே தாக்கப்பட்டது என்றது அரசு. நேரில் சென்ற மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு இறந்தவர்கள் பொதுமக்கள் என்றார். 2008 ஜனவரி 29 அன்று மடுப் பகுதியில் பேருந்தொன்று கிளைமோர் கண்ணிவெடியில் சிக்கியது; இறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அவ்வாண்டு ஏப்ரலில் மாதா சொரூபமே மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. மாதாவும் இடம்பெயர்ந்தா என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள்.

மாந்தை மேற்கு, அடம்பன், விடத்தல்தீவு மக்கள் போர்முனைக்கு முன்னால் கிழக்கே நகர்ந்துகொண்டே போனார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூரை குறைந்தது, பள்ளிக்கூடம் குறைந்தது, கடைசியில் போர் முடிந்த முள்ளிவாய்க்கால். வழியில் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது: புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு. பதின்வயதுப் பிள்ளையைப் பெற்றோர் நாட்கணக்கில் குழிக்குள் ஒளித்துவைத்தார்கள். இயக்கத்தில் சேர்க்காமலிருக்க வயதுக்கு முன்பே கலியாணம் செய்துவைத்தார்கள். இந்தத் திருமணங்களில் பல போருக்குப் பின் முறிந்து, பதினெட்டு வயதுத் தாய்மாரைத் தனியே விட்டன. போர் முடிவில் சரணடைந்த சிறுவர் போராளிகள் 594 பேர் தனி நிலையங்களில் புனர்வாழ்வு பெற்று ஓராண்டுக்குள் வீடு திரும்பினார்கள். போரிலிருந்து தப்பி வந்த மற்றக் குடும்பங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் மாதக்கணக்கில் இருந்தன.

போர்ப் பகுதிப் பிள்ளைகளைப் பற்றிய அளவீடுகள் இக்காலத்தில்தான் வெளிவந்தன. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தார் உள்ளூர் உளவளத்துணையாளரோடு வடக்கில் பள்ளிப் பிள்ளைகள் 420 பேரிடம் செய்த ஆய்வில் 92 சதவீதத்தினர் கொடிய நிகழ்ச்சி ஒன்றையாவது எதிர்கொண்டிருந்தார்கள். 25 சதவீதத்தினருக்கு மனவடு நோய் இருந்தது. நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு அந்நோய் இல்லை என்பதும் அதே எண்ணிக்கையில் அடங்கியிருக்கிறது. சுனாமிக்குப் பின் தமிழ்ப் பிள்ளைகள் 296 பேரிடையே செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. போர் நிகழ்ச்சி ஒன்றையாவது சந்தித்தவர்கள் 82 சதவீதம்; வீட்டுக்குள் வன்முறை ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். தந்தையின் குடியும் பிள்ளை வாங்கும் அடியும் சேர்ந்தே போயின. நெருக்கீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஏற நோயும் ஏறியது. தொழிலிழந்த மீனவன், பாஸுக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நின்று தன்மானம் போன தகப்பன், மாலையில் சாராயத்தோடு வீட்டுக்கு வருகிறான். வெளியே நடந்த போர் அப்படி வாசல்படி தாண்டியது. பிள்ளைக்கு முதலும் கடைசியுமான அடைக்கலம் வீடுதான் என்பதால் இதன் பாதிப்பு ஷெல்லின் பாதிப்புக்குக் குறைந்ததல்ல.

2009க்குப் பின் வீதிகள் வந்தன, 2010இல் புதிய பாலம் வந்தது, 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது. உளசமூகப் பணிக்கு மட்டும் அனுமதி கிடைப்பது அரிதாக இருந்தது. கட்டடம் கட்ட வந்த நிறுவனம் வரவேற்கப்பட்டது, பேச வந்த நிறுவனம் சந்தேகிக்கப்பட்டது. ஆனால் பேசவேண்டியது நிறைய இருந்தது. வன்னியின் சனத்தொகைக் கணக்கில் விடுபட்ட 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். காணாமற்போன தகப்பனின் பிள்ளைக்குத் துக்கம் முடிவதில்லை. முப்பத்தோராம் நாள் இல்லை, திவசம் இல்லை. தாய் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாமல் நிற்பதை அது தினமும் பார்க்கிறது. பள்ளிப் படிவத்தில் 'தந்தை' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்ற சிறு விடயம்கூட ஆண்டுதோறும் வரும் வலி. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2018 மே மாதம் மக்களைச் சந்திக்கத் தொடங்கியதே மன்னாரில்தான். அவ்வாண்டு மன்னார் நகரில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடத்துக்கு வெட்டிய நிலத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், சிறுவர்களுடையவை உட்பட, வெளிவந்தன. ஆய்வுகூடம் அவற்றின் காலத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னே தள்ளியது. வேலியோரம் நின்று பார்த்த காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு அந்த விடை விடையாகவில்லை.

புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றோர் சொல்லிக் கேட்ட ஊரைத் தேடி வந்து பற்றைக்காட்டைக் கண்டார்கள். தோணி நிறுத்தும் இடம், காணி எல்லை என்று தகராறுகள் எழுந்தன. முன்பு ஒரே முற்றத்தில் விளையாடிய இரு சமூகத்தின் அடுத்த தலைமுறையினர் ஒருவரையொருவர் புதியவர்களாகச் சந்தித்தார்கள். சில குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்திலும் காணிக்காக மன்னாரிலுமாக இரண்டு வீடு வைத்துக்கொண்டன. தெற்கே முள்ளிக்குளத்துத் தமிழ்க் குடும்பங்கள் 2007இல் விட்டுப்போன ஊரில் கடற்படை முகாம் நின்றது. 2017இல்தான் காணியின் ஒரு பகுதி விடப்பட்டது. அதற்குள் அங்கே பிறக்காத ஒரு தலைமுறை பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தது.

2022 மார்ச் 22 அன்று, பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் அரிசியும் எட்டாமற்போன நாட்களில், இலங்கையிலிருந்து படகில் போன, மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டொன்றில் இறக்கிவிடப்பட்டார்கள். இந்தியக் கடலோரக் காவற்படை அவர்களை மீட்டது. பிறகு அவர்கள் மண்டபம் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.